பூனைக்கு வலித்தால் எந்த மாத்திரை?



தலைவலியா, ஒரு பாரசிட்டமால். ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க நின்று இடுப்பு வலியா, ஒரு டைக்ளோபினாக். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கிறது. மனுஷனுக்குச் சரி, வாயில்லா ஜீவனுக்கு?

செல்லூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு வரிப்பூனை இருந்தது. போன சித்திரையில் அதன் பின்காலில் ஒரு டூவீலர் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாதி பாரசிட்டமாலைப் பொடித்து, வாயைத் திறந்து நான்தான் ஊட்டினேன். மறுநாள் காலையில் முகமும் பாதமும் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கியது. கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். "தம்பி, கால் காயத்தில் இது செத்திருக்காதுப்பா. மாத்திரைதான் வினை" என்றார். சாயந்திரம் போய்விட்டது. ஏன் என்று தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அடிபட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. வீக்கமும் வலியும் அதனால் கூடுகின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அந்தத் தயாரிப்பைத் தடுக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதும் அதே பொருள்தான். ஒரு லைட்டை அணைக்க மெயின் ஸ்விட்சையே இறக்கினால் என்ன ஆகும்? அந்தக் கதைதான்.

பூனைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்தை குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அதற்கு வேண்டிய நொதிகளில் முக்கியமான ஒன்று பூனைக்கு இல்லை. அதன் மரபணு வேலை செய்வதில்லை. ஆஸ்பிரினில் பாதி வெளியேறவே பூனைக்குச் சுமார் ஒன்றரை நாள் ஆகும். பாரசிட்டமால் இன்னும் மோசம். அது வீக்கத்தைக் குறைக்கும் மருந்தாகவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பூனையின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது கெடுத்துவிடும். ரத்தம் ஓடும், ஆக்சிஜன் சுமக்காது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு; ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன்.

அப்படியானால் பூனைக்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. மெலாக்ஸிகாம், ரோபெனாகாக்சிப் இரண்டும் கால்நடை டாக்டர்கள் பூனைக்குக் கொடுப்பவை. ஆனாலும் எடை பார்த்து, அளவு பார்த்துத்தான். அமெரிக்காவில் மெலாக்ஸிகாமை ஒரே ஒரு ஊசியாக 2004-ல் அனுமதித்தார்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகலாம் என்று 2010-ல் லேபிளிலேயே எச்சரிக்கை போட்டார்கள். ஐரோப்பாவில் டாக்டர் மேற்பார்வையில், மிகக் குறைந்த அளவில், நீண்ட நாள் கொடுக்கவும் அனுமதி உண்டு. உடம்பில் நீர் வற்றிய பூனைக்கு ஆபத்து அதிகம். நம் மதுரை வெயிலில் இதை மறக்கக் கூடாது.

இது பூனையோடு முடிகிற விஷயமும் இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 2006-ல் மத்திய அரசு கால்நடைகளுக்கு அதை நிறுத்தியது. 2023-ல் கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் நீலகிரி அருகே மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சிய கழுகுகள் வாழ்கின்றன. மெலாக்ஸிகாம் அவற்றுக்குத் தீங்கில்லாதது என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, மனதில் வைக்க வேண்டியவை:

1. பூனை வலியை வாய்விட்டுச் சொல்லாது. மூலையில் ஒளிவது, தாவாமல் இருப்பது, சாப்பிடாதது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாதது, கண்ணைச் சுருக்கிக் காதைத் தாழ்த்துவது, இவைதான் அடையாளம்.

2. பாரசிட்டமால், ஐபுரூபென், டைக்ளோபினாக், எதையும் கால் மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாரசிட்டமாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

3. தெரியாமல் கொடுத்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

நான் ஒரு ராத்திரி காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள்.