கை விஞ்ச்: படகை இழுக்கணும், கையும் பத்திரமா இருக்கணும்

கடலோரக் குழுக்களில் இப்போது அடிக்கடி ஒரு பேச்சு அடிபடுகிறது. "குழுவுக்குப் பொதுவா ஒரு கை விஞ்ச் வாங்கிப் போட்டா என்ன? புயல் நேரத்துல படகை ஏத்த ஆள் தேடி ஓட வேணாம், மத்த நாள்ல வாடகைக்கும் விடலாம்" என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஏன்னா, சரியாகக் கையாண்டால் பத்து ஆள் வேலையை இரண்டு பேர் முடிக்கலாம். தவறினால் ஒரு நொடியில் விரல் போயிடும், முன்கை எலும்பு முறிஞ்சிடும்.

நம்ம கரைக்குப் புயல் புதுசு இல்லை. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயலும் அதே மாமல்லபுரம் அருகேதான் கடந்தது. எச்சரிக்கை வந்ததும் கோவளத்திலிருந்து தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரைக்கும் எல்லாக் குப்பத்திலும் முதல் வேலை படகை மேட்டுக்கு ஏற்றுவது. மற்ற நாளில் மீன் விற்கப் போகும் பெண்களும் அன்றைக்குக் கயிறு பிடிக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் கட்டுமரம் என்றால் கவலை இல்லை. கட்டை அவிழ்த்துத் தோளில் தூக்கிட்டு வந்திடுவாங்க. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. ஃபைபர் படகைப் பிரிக்க முடியாது. என்ஜின், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். டிராக்டர் கிடைத்தால் சரி. புயல் வரும் நாளில் எல்லாக் குப்பமும் ஒரே டிராக்டரைக் கூப்பிடும்!

விஞ்ச் எப்படி இழுக்குது?

பழனி போனவங்க விஞ்ச்சில் ஏறியிருப்பீங்க. 1966-இல் இருந்து அங்கே மலைக்கு ஆளை ஏற்றி இறக்குது. அது மின்சாரத்தில் ஓடுவது. நாம் பேசுவது கையால் சுத்துவது. கிணத்து ராட்டினத்துக்கு அக்கா மாதிரி என்று வெச்சுக்குங்க. ஒரு உருளை, அதில் சுத்திய கம்பிக்கயிறு, நுனியில் கொக்கி, பக்கத்தில் பல்சக்கரம், சுத்த ஒரு கைப்பிடி. இதோடு ராட்டினத்தில் இல்லாத ஒன்று உண்டு. பல்சக்கரத்தின் மேல் விழும் சின்ன நாக்கு. சுத்தும்போது 'டக், டக்' என்று சத்தம் வருமே, அது இந்த நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழும் சத்தம். கையை எடுத்தாலும் சக்கரம் பின்னால் ஓடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள் இல்லையா, அந்த வேலையை விஞ்ச்சுக்குள் நாக்கு செய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. கைப்பிடி 25 செ.மீ. நீளம். உருளையின் நடுவிலிருந்து கயிறு வரை 3 செ.மீ. ஆக, நம் பலம் 8 மடங்கு ஆகிறது. சின்னப் பல்சக்கரம் நாலு சுத்து சுத்தினால் பெரியது ஒரு சுத்து சுத்தும் என்றால் இன்னொரு 4 மடங்கு. மொத்தம் 32 மடங்கு. கையால் 15 கிலோ அளவுக்கு அழுத்தினால் கயிற்றில் 480 கிலோ இழுப்பு. உராய்வில் போனது போக 400 என்று வைத்துக்கொள்ளலாம்.

பலம் சும்மா கிடைக்காது, நேரத்தில் கொடுக்கணும். படகு ஒரு மீட்டர் நகர கைப்பிடியைச் சுமார் 20 தடவை சுத்தணும். இருபது மீட்டர் ஏற்ற 400 சுத்து. அதனால் காற்று அடிக்க ஆரம்பித்த பிறகு விஞ்ச்சைத் தேடி எடுக்கக் கூடாது. எச்சரிக்கை வந்த அன்றே, வெளிச்சத்தில் முடிச்சிடணும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கயிறு ஒரு அடுக்கு மேல் இன்னொரு அடுக்காக உருளையில் ஏற ஏற விஞ்ச்சின் பலம் குறையும். 3 செ.மீ. இருந்தது 6 செ.மீ. ஆகிவிட்டால் இழுப்பு பாதிதான். "ஆரம்பத்துல நல்லா இழுத்துச்சு, இப்ப மக்கர் பண்ணுது" என்று கைப்பிடியில் குழாயை மாட்டி நீளமாக்கி இரண்டு பேர் தொங்குவாங்க. இதைச் செய்யவே கூடாது. கைப்பிடியின் நீளம் அந்தக் கயிறும் பல்லும் தாங்குகிற அளவுக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. குழாய் மாட்டினால் நமக்குச் சிரமம் தெரியாது, உள்ளே ஏதோ ஒன்று உடையும்.

படகு எவ்வளவு கனம் காட்டும்?

1,200 கிலோ படகு என்றால் 1,200 கிலோ இழுக்கணும் என்று இல்லை. காய்ந்த மணலில் அடிப்பாகம் உரசிக்கொண்டு போனால் எடையில் பாதி, அதாவது 600 கிலோ வரை பிடிக்கும். கரை பத்தடிக்கு ஒரு அடி ஏறினால் எடையில் பத்தில் ஒரு பங்கு கூடும், 120 கிலோ. மொத்தம் 720. நம்ம விஞ்ச் 400. அப்போ என்ன செய்யலாம்?

முதலில் என்ஜின், வலை, பெட்டி எல்லாத்தையும் இறக்குங்க. உள்ளே தேங்கிய தண்ணீரை இறைச்சு விடுங்க, தண்ணீர் கனம் நாம் நினைப்பதை விட அதிகம். படகுக்கு அடியில் உருளைக்கட்டை போடுங்க. இதிலேயே பாதிக்கு மேல் குறையும். அதுவும் போதாவிட்டால் ஒரு கப்பி. விஞ்ச்சின் கயிற்றைப் படகில் மாட்டிய கப்பிக்குள் விட்டு, திரும்பக் கரைக்கே கொண்டுவந்து இன்னொரு பிடிமானத்தில் கட்டினால் இழுப்பு இரட்டிப்பாகும். 400 கிலோ 800 ஆகும், வேகம் பாதியாகும். கயிற்றில் 400-தான் இருக்கும். ஆனால் கப்பி மாட்டிய இடத்தில் 800 கிலோ விழும் என்பதை மறக்கக் கூடாது. ஃபைபரில் போல்ட் போட்டு முடுக்கிய சின்ன வளையத்தில் அதை மாட்டினால் வளையம் பிய்ந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். படகைச் சுற்றி அகலமான பட்டை கட்டி, அதில் மாட்டுங்க.

கனத்தைப் பற்றிப் பேசும்போது நம்ம ஊர் வெண்ணெய் உருண்டைக் கல் ஞாபகம் வருது. சுமார் 250 டன் என்கிறார்கள். 1908-இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லை என்று கதை சொல்வார்கள். யானையாக இருந்தாலும் விஞ்ச்சாக இருந்தாலும், இழுப்பதற்கு முன்னால் கணக்குப் பார்க்கணும்.

விஞ்ச்சை எதில் கட்டுவது?

நான் போய்ப் பார்த்த வரைக்கும் நம்ம கரையில் நடக்கும் பெரிய தப்பு இதில்தான். கைக்குக் கிடைத்ததில் கட்டிடுறாங்க. மின்கம்பத்தில் கட்டுவதையும், கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பியில் கட்டுவதையும் கண்ணால் பார்த்திருக்கேன். கம்பம் சாய்ந்தால் படகு போவது மட்டுமில்லை, ஈர மணலில் நிற்கிற அத்தனை பேர் மேலும் மின்சாரம் பாயும். கம்பம் பக்கமே போகாதீங்க.

சவுக்கு மரம் மணலில் ஆழமாக வேர் விடுவதில்லை. மழையில் ஊறியிருந்தால் சொல்லவே வேண்டாம். மரத்தில் கட்டியே ஆகணும் என்றால் பெரிய மரமாக, அடிமரத்தில், தரையை ஒட்டிக் கட்டுங்க. நெஞ்சு உயரத்தில் கட்டினால் மரத்தைச் சாய்க்க நாமே நெம்புகோல் கொடுத்த மாதிரி. கம்பிக்கயிற்றை நேராக மரத்தில் சுத்தாமல் பட்டை போடுங்க, மரப்பட்டை அறுபடாது.

எல்லாத்தையும் விட நல்லது புதைகட்டை. தொடை கனத்தில் ஐந்தடி நீளக் கட்டை ஒன்று எடுத்து, இழுக்கும் திசைக்குக் குறுக்காக இடுப்பளவு குழி வெட்டிப் படுக்க வையுங்க. நடுவில் பட்டை கட்டி, அது சரிவாக மேலே வர படகுப் பக்கமாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டு, மணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்குங்க. நல்ல வெயில் நாளிலேயே நாலு இடத்தில் புதைத்துக் குறி வைத்துக்கொண்டால் புயல் அன்றைக்குக் குழி தோண்ட வேண்டியதில்லை. கப்பி போட்டால் இரண்டு பிடிமானம் வேணும், ஞாபகம் இருக்கட்டும்.

கயிறு

கடல் காற்று கம்பிக்கயிற்றை உள்ளுக்குள் தின்னும். வெளியே பளபளப்பாக இருக்கும், வளைத்துப் பார்த்தால் உள்ளே துரு. நூல் பிரிந்தது, முறுக்கு உடைந்து மடிந்தது, நசுங்கியது எதுவாக இருந்தாலும் அந்தக் கயிறு இழுக்க லாயக்கில்லை. கோழிக் கூண்டு கட்ட வெச்சுக்குங்க. பார்க்கும்போது வெறுங்கையால் தடவாதீங்க, பிரிந்த நூல் ஊசி மாதிரி ஏறும். தோல் கையுறை போடுங்க. ஆனால் சுத்திக்கொண்டிருக்கும் உருளைக்குப் பக்கத்தில் கையுறை போட்ட கையும் போகக் கூடாது, நூல் மாட்டி கையை உள்ளே இழுத்திடும்.

அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது, கொக்கியைச் சுத்திக் கொண்டுவந்து அதே கயிற்றில் மாட்டுவது, இரண்டும் வேண்டாம். கயிறு முழுசாக அவிழ்ந்துவிடாமல் உருளையில் குறைந்தது ஐந்து சுத்து எப்போதும் மிச்சம் இருக்கணும். நைலான் கயிறு என்றால் ஆபத்து இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கு. நைலான் ரப்பர் மாதிரி நீளும். அறுந்தால் நீண்டது எல்லாம் சாட்டையாகத் திரும்பி வரும்.

அதனால்தான் இழுக்கும்போது கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, தாண்டக் கூடாது. கயிறு என்ன நீளமோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் விலகி நிற்கணும். கப்பியில் கயிறு வளைந்து இரண்டு காலாகப் பிரியும் இடத்துக்கு உள்ளே நிற்பது எல்லாத்தையும் விட மோசம். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிடுங்க. அறுந்தால் அதன் கனம் கயிற்றைக் கீழே அமுக்கும். குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிடுங்க, வேடிக்கை பார்க்க வந்து நிற்பது அவங்கதான்.

சுத்துகிறவர்

நம்ம உடையைப் பற்றி ஆண்கள் எழுதும் குறிப்பில் ஒரு வார்த்தை இருக்காது. முந்தானையை இடுப்பில் சுத்திச் செருகணும், துப்பட்டாவைக் கழற்றி வைக்கணும். பின்னலைக் கொண்டை போட்டுக்கணும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றணும். தாலிக்கயிறு ரவிக்கைக்குள் போகணும். "தாலியை உள்ள விடுறதாவது" என்று யோசிக்காதீங்க, பல்சக்கரத்துக்கு அதெல்லாம் தெரியாது.

சுத்தும்போது 'டக் டக்' சத்தம் கேட்குதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கணும். சத்தம் நின்றால் நாக்கு பல்லில் விழவில்லை என்று அர்த்தம். அப்போது கைப்பிடியை விட்டால் படகின் இழுப்பு முழுவதும் கைப்பிடியைத் திருப்பிச் சுத்தும். முன்கை முறிவது, பல் போவது எல்லாம் இப்படித்தான். ஓடும் கைப்பிடியைத் தாவிப் பிடிக்கப் பார்க்காதீங்க. விலகி ஓடுங்க, படகு போனால் போகட்டும். தளர்த்தி விடும்போதும் இதே கவனம்: முதலில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்து இழுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகுதான் நாக்கைத் தூக்கணும்.

படகு நகர நகரப் பின்னால் முட்டுக்கட்டை வைத்துக்கொண்டே வர ஒருவர் வேணும். அவர் பக்கவாட்டிலிருந்துதான் வைக்கணும். உருளைக்கட்டை மாற்றும்போது விஞ்ச் நிற்கணும், நின்ற பிறகுதான் கை உள்ளே போகணும். "இழு" என்று சொல்ல ஒரே ஒரு ஆள். "நிறுத்து" என்று யார் வேணும்னாலும் சொல்லலாம், சின்னப் பொண்ணு சொன்னாலும் நிறுத்தணும்.

கர்ப்பமாக இருக்கிறவங்க, குழந்தை பெற்றோ ஆபரேஷன் செய்தோ சில மாதம்தான் ஆனவங்க, கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறவங்க கைப்பிடி பக்கம் வர வேண்டாம். குழுக் கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தால் ஊக்குநரிடம் தனியாகச் சொல்லிடுங்க. மத்தவங்களும் 50 சுத்துக்கு ஒரு முறை ஆள் மாத்திக்கணும்.

காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்க. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

புயலுக்குப் பிறகு

2016 டிசம்பர் வர்தா புயலில் சாய்ந்த மரங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். விழுந்த மரத்தை வழியிலிருந்து இழுக்கவும் விஞ்ச் உதவும். ஆனால் மின்வாரிய ஆட்கள் வந்து லைன் நிறுத்தியாச்சு என்று சொல்லும் வரை தொடக் கூடாது. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை வெட்டினதும் அடிமரம் டப்பென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் யாரும் நிற்கக் கூடாது.

இழுக்கிற விஞ்ச்சை வைத்துக் கிணத்தில் ஆளை இறக்காதீங்க, மோட்டாரைத் தூக்கும்போது அடியில் நிற்காதீங்க. தூக்குவதற்கென்று தானாகப் பிரேக் பிடிக்கும் வேறு வகை உண்டு.

வாங்கப் போகும்போது எத்தனை கிலோ இழுக்கும் என்று பொறித்த தகடு இருக்கா பாருங்க. தகடு இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கொக்கியின் வாயை மூடும் சின்னத் தகடு வேலை செய்யணும். கடையிலேயே பத்து சுத்து சுத்திப் பார்த்து, ஒவ்வொரு பல்லிலும் நாக்கு விழுவதைக் கேட்டுட்டு பில் போடச் சொல்லுங்க. வந்த பிறகு ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பல்லுக்கு கிரீஸும் கயிற்றுக்கு எண்ணெயும் போட்டு, மூடி வைக்கணும். யார் வீட்டில் வைப்பது, வாடகைக்கு எடுப்பவருடன் குழுவிலிருந்து யார் கூடப் போவது, கயிறு மாற்ற மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் எடுங்க. கழுவுற வேலைக்கு மட்டும் முறை போட்டு எழுதுங்க, இல்லாட்டி அது கடைசியில் தலைவி தலையில்தான் விழும்.