கீரை அறியும் கல்வி

உழாமலும் விதைக்காமலும் நிலம் நமக்கு அளிக்கும் உணவு ஒன்று உண்டு. மழை பெய்த சில நாட்களில் வயல் வரப்பிலும், கண்மாய்க் கரையிலும், தரிசிலும், வீட்டுக் கொல்லையிலும் தாமே முளைத்துத் தழைக்கும் கீரைகளையே கூறுகிறேன். பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணை, முடக்கற்றான், தூதுவளை, ஆரை, புளியாரை என்று அவற்றின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். களையெடுக்கச் செல்லும் பெண்கள், பிடுங்கிய களைகளுள் உணவுக்கு ஆவனவற்றைப் பிரித்தெடுத்து மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்புவர். பல வகைத் தழைகள் ஒரே சட்டியில் வெந்து கலவைக் கீரையாகும். பயிருக்குக் களையாக நின்றது வயிற்றுக்குக் கறியாகிவிடும்.

மாணவ மாணவியரே! இக்கீரைகளை அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆர்வம் அண்மைக் காலத்தில் நகரத்து இளைஞரிடையேயும் தோன்றியிருக்கிறது. விடுமுறை நாளில் அறிந்தவர் ஒருவருடன் குழுவாக நடந்து சென்று, தானே விளையும் கீரைகளை இனங்கண்டு, பறித்து, சமைத்துப் பார்க்கும் பயிற்சி வகுப்புகள் ஆங்காங்கே நடைபெறுகின்றன. அவற்றில் பெயரைப் பதிவு செய்துகொள்வோரைப் பார்த்து, “கீரை பறிப்பதற்கும் ஒரு வகுப்பா?” என்று நகைப்போரும் உளர். வகுப்பு வேண்டும் என்பதே என் கருத்து. அஃது ஏன் வேண்டும், எத்தகைய வகுப்பில் சேரலாம், சேர்ந்தபின் எவ்வாறு பயில வேண்டும் என்னும் மூன்றையும் முறையே காண்போம்.

முதலாவது, ஏன் வேண்டும்? உண்ணத்தக்க செடியை அறிதல் என்பது அதன் பெயரை அறிவதோடு முடிவதில்லை. பெயர், உருவம், பக்குவம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்வறிவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தீங்கு நேரலாம்.

பெயரை எடுத்துக்கொள்வோம். ஒரே பெயரை இரண்டு செடிகள் தாங்குவதுண்டு. கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூப் பூப்பதும் உண்டு, மஞ்சள் பூப் பூப்பதும் உண்டு. தாவர நூலார் அவற்றை வேறு வேறு இனங்களாகவே வகுத்துள்ளனர். ஒரே செடிக்கு ஊர்தோறும் வெவ்வேறு பெயர் வழங்குவதும் உண்டு. ஆகவே, பெயரை மட்டும் கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு புறப்படுவது அறிவுடைமை ஆகாது.

உருவத்திலும் மயக்கம் உண்டு. சாரணையும் மூக்கிரட்டையும் தரையில் படர்வன. நாட்டு மருந்துச் சரக்கில்கூட ஒன்றுக்கு மற்றொன்று கலந்து வருவதுண்டு. சாரணையின் பூ இலைக் காம்பின் அடியில் ஒளிந்தாற்போல் ஒட்டியிருக்கும். மூக்கிரட்டையின் பூக்களோ மெல்லிய காம்புகளில் மேலெழுந்து நிற்கும். அதன் காய்கள் பசையுடையனவாதலின் நடப்போர் உடையில் ஒட்டிக்கொள்ளும். பருப்புக்கீரையும் தரையில் படரும் செடியே. ஆனால் அதன் தண்டும் இலையும் சதைப்பற்று உடையவை. கிள்ளினால் நீர் கசியுமேயன்றிப் பால் வடியாது. பார்வைக்கு அதனைப் போலத் தோன்றிக் கிள்ளியவுடன் வெண்பால் சுரக்கும் செடிகளைக் கையாலும் தொடாதிருத்தல் நன்று. இத்தகைய நுட்பங்களைப் படத்தில் பார்த்து அறிதல் அரிது. செல்பேசியில் படம் பிடித்தால் செடியின் பெயரைச் சொல்லும் கருவிகள் இன்று வந்துள்ளன, அவை பயனுடையனவே. எனினும், அக்கருவி இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பதில்லை. தண்டைக் கிள்ளிப் பார்ப்பதுமில்லை. அது கூறும் பெயரை ஐயமாகக் கொள்ளலாமேயன்றித் தெளிவாகக் கொள்ளலாகாது.

இங்கே கவனக் குறைவுக்கு இடமில்லை என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளை நீங்கள் அறிவீர்கள். கண்ணைக் கவரும் அம்மலரைத் தாங்கும் கொடியின் அடியில் கிழங்கு உண்டு. கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் அதனை வழங்குவர். அதில் கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. உண்ணும் கிழங்கென்று மயங்கி இதனை உண்டு மாண்டவர்களைப் பற்றி இலங்கையிலும் இந்தியாவிலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பூ இருக்கும்போது எவரும் மயங்குவதில்லை. பூவும் கொடியும் காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணில் கிடக்கும்போதுதான் மயக்கம் வருகிறது.

மூன்றாவதாகிய பக்குவத்தை விளக்க, வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். 1860ஆம் ஆண்டில் பர்க், வில்ஸ் என்னும் இருவர் தலைமையில் ஒரு குழு ஆஸ்திரேலியக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் புறப்பட்டது. திரும்பும் வழியில், 1861இல், கூப்பர் ஓடைக் கரையில் அவர்கள் உணவின்றித் தவித்தனர். அந்நிலத்தின் பழங்குடியினரான யாண்ட்ருவாந்தா மக்கள் நார்டூ என்னும் நீர்ச்செடியின் வித்துப்பைகளை இடித்து உண்பதைக் கண்டு, அவர்களும் அவ்வாறே இடித்து மாவாக்கி உண்டனர். செடி சரியான செடியே. ஆயினும் வயிறு நிறைய உண்டும் நாளுக்கு நாள் மெலிந்து, பர்க்கும் வில்ஸும் உயிர் நீத்தனர். அச்செடியில், பி1 என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் ஒன்று உண்டு என்றும், அதனைப் போக்கும் பக்குவத்தை அம்மக்கள் அறிந்திருந்தனர், வந்தவர்கள் அறிந்திலர் என்றும் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். குழுவினருள் கிங் என்பவர் மட்டும் அம்மக்களோடு தங்கி, அவர்கள் இட்டதை உண்டு, உயிர் பிழைத்தார். அந்த நார்டூ, நம் ஆரைக்கீரையின் நெருங்கிய உறவுச் செடி என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். நம் ஊர்ப் பெண்கள் ஆரைக்கீரையை வேகவைத்தே பரிமாறுகின்றனர். பிரண்டையின் அரிப்பைப் போக்கப் புளி சேர்க்கின்றனர். இவை வெறும் சுவைக்காக வந்த வழக்கங்கள் அல்ல.

அப்படியானால் இவ்வறிவு யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் ஏட்டறிவு இல்லாத முதிய பெண்களிடம் இருக்கிறது. அது நம் கையைவிட்டு நழுவி வருவதற்கு ஒரு காரணம், அதனோடு ஒட்டிக்கொண்ட நாணம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். பசியால் வாடிய கிணைவனின் மனைவி, குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் கண்ணில் படுவதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு உண்கிறாள். அந்தக் கதவு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று செடிகளின் பெயரைக் கேட்டபோது எவரும் விடை கூறவில்லை. அவர்களுள் ஒருவன் கூலி வேலை செய்யும் தாயின் மகன். மறுநாள் அவனைத் தனியே கேட்டபொழுது, பதினான்கு செடிகளின் பெயரைத் தயக்கமின்றிச் சொன்னான். “நேற்று ஏன் சொல்லவில்லை, தம்பி?” என்றேன். “எங்கள் வீட்டில் இதைத்தான் தின்கிறோம் என்று தெரிந்துவிடுமே, ஐயா!” என்றான். அடுத்த வாரம் அவனையே வகுப்பின் முன்னே நடந்து பெயர் சொல்லி வரச் செய்தேன். அவனுடைய தோழர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே பின்னால் வந்தனர்.

இனி, எத்தகைய வகுப்பில் சேரலாம் என்பதைக் காண்போம். பெயரைப் பதிவு செய்யுமுன் சில வினாக்களைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். கற்பிப்பவர் அக்கீரைகளைத் தம் வீட்டில் பல்லாண்டு சமைத்து உண்டு பழகியவரா? அவருடன் தாவரவியல் கற்றவர் எவரேனும் வருகின்றாரா? உண்ணத்தகாத செடிகளையும், நஞ்சுடைய செடிகளையும் காட்டுவார்களா? அவற்றைக் காட்டாத வகுப்பு பாதி வகுப்பே. ஒவ்வொருவரும் அருகில் நின்று தொட்டுப் பார்க்குமளவுக்குக் குழு சிறியதா? மழைக்குப் பின் வரும் நாட்களில் நடைபெறுகிறதா? கோடையில் நடத்தினால் காட்டுவதற்குக் கீரை சிலவே கிடைக்கும். செல்லும் இடம் யாருடையது, அங்கே பறிக்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிச் செடிகளைப் பறித்தல் ஆகாது. காடுகளில் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை, வழிவழியாக அங்கே வாழும் மக்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அளித்திருக்கிறது. அவர்களுடைய வாழ்வுக்கு ஆனதை நாம் பொழுதுபோக்காக அள்ளி வருவது முறையன்று.

இறுதியாக, எவ்வாறு பயில்வது? ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்த நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அதனையே உங்களுக்கும் கூறுகிறேன். ஒரு பருவத்தில் மூன்று கீரைகளுக்கு மேல் கற்க முயலாதீர்கள். அம்மூன்றையும் முளையிலும், பூவிலும், காயிலும் பாருங்கள். ஆரைக்கு நான்கு சிற்றிலைகள், புளியாரைக்கு மூன்று என்பது போல, ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் உண்ணாதீர்கள். செடியைத் தாளிடையே வைத்து உலர்த்தி, உங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென் வட்டத்திலும், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967இல் தொடங்கப்பெற்ற ராபினாட் உலர்தாவரச் சாலையிலும் தமிழ்நாட்டுச் செடிகள் உலர்த்திப் பாதுகாக்கப்படுகின்றன. சாக்கடை ஓரத்திலும், ஊர்திகள் ஓயாது செல்லும் சாலை ஓரத்திலும், களைக்கொல்லி தெளித்த வயலிலும் பறிக்காதீர்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கீரைகள் மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும்; கழுவினால் அவை போகா. பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல் கொழுந்தைக் கிள்ளுங்கள். விதைக்கென்று சிலவற்றை விட்டு வையுங்கள்.

இன்னும் ஒன்று. கட்டணமில்லாத வகுப்பு ஒன்று உங்கள் வீட்டிலேயே, அன்றி உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். பாட்டியோ, அத்தையோ, வயலில் களையெடுத்த மூதாட்டியோ, யாரேனும் ஒருவர் இக்கீரைகளை அறிந்திருப்பார். அவரிடம் இதுவரை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சென்று, அவர் சொல்லும் பெயரையும், அடையாளத்தையும், சமைக்கும் முறையையும் அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நூலகத்து நூல் நாளையும் அங்கே இருக்கும். முதியவரின் நினைவு நமக்காகக் காத்திருக்காது. இந்த மழைக்காலம் முடிவதற்குள் அவரிடம் உங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.