மெட்ராஸ் பெயர் சுமந்த விமானங்கள்

வேடந்தாங்கலில் தீபாவளிக்கும் வெடிச் சத்தம் கேட்காது. ஏரி மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவை மிரண்டுவிடும் என்று ஊரே பட்டாசை விட்டுவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் இங்கே பறவைகளைச் சுட்ட காலத்தில், செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டு அதை நிறுத்தியவர்கள் இவர்களின் முன்னோர். 1936இல் ஏரி சரணாலயமானது.

அதன்பின் சில வருஷங்களிலேயே, இரண்டாம் உலகப் போரில், பறவைக்காக வெடியையே விட்ட இந்த ஊரும் அடங்கிய மெட்ராஸ் மாகாணத்தின் பெயரோடு ஒரு குண்டுவீச்சுப் படை இரவில் பறந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 99ஆவது ஸ்குவாட்ரன் அது. இங்கிருந்து போன போர் நிதிக்கு நன்றியாக அதன் பெயரில் ‘மெட்ராஸ் பிரசிடென்ஸி’ சேர்ந்தது.

1939 டிசம்பர் 14 அன்று பட்டப்பகலில் ஜெர்மன் கடலோரத்துக்குப் போன அதன் 12 வெலிங்டன் விமானங்களில் பாதி அழிந்தன. இப்படிப் பட்ட அடிகளுக்குப் பிறகுதான் தாக்குதல் இரவுக்கு மாறியது. எதிரியின் கண்ணிலிருந்து காப்பாற்றிய அதே இருட்டு, விமானம் விழுந்த இடத்தையும் மறைத்துவிட்டது. 1942இல் ஸ்குவாட்ரன் இந்தியா வந்து, வங்காளத்திலிருந்து பர்மாவைத் தாக்கியது. வெலிங்டன் என்பது அலுமினியப் பின்னல்கூட்டின்மேல் துணி போர்த்திய விமானம். உள்ளே ஐந்தாறு பேர், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள். விடிந்தும் திரும்பாவிட்டால் வீட்டுக்குத் தந்தி போகும்: காணவில்லை. கடலா, காடா என்றுகூடத் தெரியாமல் போனவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கின்றன. கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பட்டியல் அது.

அதே ஸ்குவாட்ரன் இன்றும் இருக்கிறது. இப்போது சி-17 சரக்கு விமானங்கள் ஓட்டுகிறது. ஆப்கானிஸ்தானில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சவப்பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுசேர்த்தவை இவைதான். 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் உடல் எடின்பரோவிலிருந்து லண்டன் வந்ததும் இந்த விமானம் ஒன்றில்தான். தன் பையன்களில் பலரை இருட்டில் தொலைத்த படை, இன்று இறந்தவர்களை ஊர் கொண்டுவந்து சேர்க்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

அது நம் போரா என்று கேட்பவர்கள் உண்டு. நம்மைக் கேட்டு யாரும் அந்தப் போரை நடத்தவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பையன்கள் நம் ஊர்ப் பெயரின் கீழ் செத்தார்கள். அவர்களை நினைக்க எனக்கு இது போதும்.

சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் 1952இல் அமைத்த போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள், விமானப்படையினரும் உண்டு. கல்லின் தலையில் படைச் சின்னம், அதன் கீழே எண், பெயர், தேதி, வயது. சில கற்களின் அடியில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. அந்த வரிக்குக் குனிய வேண்டும். அந்தப் பக்கம் போகும்போது பத்து நிமிஷம் இறங்கி, ஒரு பெயரையாவது வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.