எட்டுப் புள்ளி கூடியும் இசட் அசையவில்லை

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நேரத்தில், இரண்டாந்தடவை எழுதிய பிள்ளைக்கு வீட்டில் இரண்டு கேள்விகள் காத்திருக்கும். இசட் எவ்வளவு? போன முறை எவ்வளவு? இரண்டுக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றாக இருந்துவிட்டால் பிறகு யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள். உம்மா தேத்தண்ணி ஊற்றப் போவார், வாப்பா கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு வருடத்தை வகுப்பிலும் பஸ்ஸிலும் கழித்த பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறது. மருத்துவமோ பொறியியலோ, வெட்டுப்புள்ளி இன்னும் எட்டவில்லை. மூன்றாந்தடவை ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பிறகு எழுதினாலும் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரான ஓட்டமாவடியில் இப்படி நின்றுபோன பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அநேகமாக எல்லாத் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஊரார் சொல்லும் காரணமும் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் பாடுபட்டிருக்கலாம்." எனக்கு இதில் உடன்பாடில்லை. பாடு குறைவில்லை. பாடு போகிற இடம்தான் பிழை.

இசட் முறை 2001இல் வந்தது: எடுத்த புள்ளியிலிருந்து அந்த வருடச் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்தால் வருவதுதான் இசட். ஆனால் அது தங்களுக்கு என்ன செய்கிறது என்று பேனா பிடித்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் குறைவு. ஒரு பிள்ளை முதல் தடவை பௌதிகவியலில் 62 எடுக்கிறது என்று வைப்போம். அந்த வருடம் சராசரி 46, நியம விலகல் 16. இசட் 1. அடுத்த வருடம் அதே பிள்ளை 70 எடுக்கிறது. வினாத்தாள் இலேசு என்பதால் சராசரி 54க்கு ஏறிவிட்டது, விலகல் அதே 16. இசட் மறுபடியும் 1. கணக்குக்காக எடுத்த எண்கள்தான், ஆனால் நடப்பது இதுதான். எட்டுப் புள்ளி கூடியிருக்கிறது, 'சி' போய் 'பி' வந்திருக்கிறது, இசட் அசையவில்லை. பேப்பர் இலேசாக வந்தது என்று மண்டபத்தை விட்டுச் சிரித்துக்கொண்டு வரும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இலேசு எல்லாருக்கும் இலேசுதானே?

இறுதி இசட் மூன்று பாடங்களின் சராசரி. மறுபடி எழுதும் பிள்ளை எந்தப் பாடத்தில் நேரத்தைப் போடுகிறது? பெரும்பாலும் பிடித்த பாடத்தில். உயிரியலில் 74ஐ 80 ஆக்கினால் ஒரு 'ஏ' விழும், ஊரில் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். ஆனால் விலகல் 20 ஆக இருக்கும் பாடத்தில் 6 புள்ளி கூடினால் கிடைப்பது 0.3. விலகல் 12 ஆக இருக்கும் பாடத்தில் அதே 6 புள்ளிக்கு 0.5. எந்த வருடம் எந்தப் பாடம் எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பிள்ளை ஒதுக்கிவைக்கும் பாடத்தைத்தான் மற்றப் பிள்ளைகளும் ஒதுக்கிவைக்கிறார்கள். புள்ளி கிடக்கும் இடம் அது.

நின்றுபோவது ஒன்றும் புதிதல்ல. 1897இல் அமெரிக்காவில் பிரயன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி வேலை பழகுவோரை வாரக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். செய்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. காதால் கேட்டு வாங்கும் வேகமோ ஓரிடத்தில் வந்து நெடுநாள் நின்றது, பிறகு மறுபடி ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொல்லாகவும் தொடராகவும் கேட்கத் தொடங்கியபோது இந்த ஏற்றம் நேர்ந்தது என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் இப்படி நேராது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்டு. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இப்படித்தான் நேர்கிறது. பௌதிகவியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். வினா ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஒவ்வொரு வினாவையும் சமன்பாட்டிலிருந்து தொடங்கும் பிள்ளை 35ஆவது வினாவில் மூச்சு வாங்கும். இன்னும் பத்து வகுப்புக்குப் போனாலும் அந்த 35 அப்படியே இருக்கும். கண்டதும் வினாவின் வகை பிடிபட வேண்டும். அதற்கு நேரம் வைத்துச் செய்வதும், பிழைத்ததை அடுத்த வாரம் மறுபடி செய்வதும் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இது ஊரில் யாருக்கும் தெரியாத சங்கதியும் இல்லை. குர்ஆனை மனனமிடும் ஹிப்ழு மத்ரஸாவில் ஓதும் பிள்ளை நாளுக்கு நாள் புதுப் பாடம் மட்டும் எடுத்துக்கொண்டே போவதில்லை. உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து பார்க்காமல் ஓதிக் கொடுக்க வேண்டும். தடுக்கிய இடத்தில் நிறுத்துவார், திருத்துவார், மறுநாள் அதே இடத்தைத் திரும்பக் கேட்பார். பழைய ஜுஸ்உகளும் முறை வைத்துச் சுற்றி வரும். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நெடுநாள் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் பரிசோதித்துக் காட்டினார்கள். அதே மத்ரஸாவில் ஓதிய பிள்ளை இரசாயனவியலுக்கு வந்ததும் குறிப்புக் கொப்பிக்கு நாலு நிறத்தில் கோடு போட்டு வாசிக்கிறது.

இனித் தனியார் வகுப்புக்கு வருவோம். ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்பு நகரம் முப்பது கிலோமீற்றருக்கும் மேல். காத்தான்குடி அதற்கும் அப்பால். பெயர் பெற்ற சேர்மார் அங்கேதான் என்று பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் அதிகாலையிலேயே பஸ் ஏறுகிறார்கள். போக வர இரண்டு மூன்று மணித்தியாலம் ரோட்டில். முதல் தடவை தியறி, இரண்டாந்தடவை ரிவிஷன், மூன்றாந்தடவை பேப்பர் கிளாஸ், கடைசி மாதத்தில் கருத்தரங்கு. பெயர் மாறுகிறது, பிள்ளை செய்யும் வேலை மாறுவதில்லை: சேர் பலகையில் செய்கிறார், பிள்ளை பார்த்து எழுதுகிறது. பார்க்கும்போது எல்லாம் விளங்கும். அந்த விளக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. மண்டபம் நிறைய இருக்கும் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக் கொடுக்க எந்தச் சேரால் முடியும்? மார்க்கிங் ஸ்கீம் போட்டோ கொப்பியைக் கையில் தந்து அனுப்புவார்கள். அமைப்புக் கட்டுரையில் தனக்கு ஏன் பத்தில் ஆறு போனது என்று பிள்ளைக்கு ஒருவரும் சொல்வதில்லை.

ஊர்ப் பாடசாலையில் ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாதபோது வகுப்பை விட்டால் கதி என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. முதல் தடவை எழுதும் பிள்ளைக்கு அது பொருந்தும். பாடத்திட்டத்தை ஒருமுறை முடித்த பிள்ளை அதே அலகுகளைக் காசு கட்டி மறுபடி கேட்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிடுகிறது. எந்தப் பல்தேர்வு வினாவுக்கு எத்தனை சதவீதமானோர் சரியாக விடையளித்தார்கள், கட்டுரை வினாவில் எங்கே பிழைத்தார்கள் என்று அதில் இருக்கும். நாட்டில் பெரும்பாலானோர் சரியாகச் செய்த வினாவை நமது பிள்ளை பிழைத்திருந்தால் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான். கருத்தரங்கில் காட்டுவதோ யாருக்கும் வராத கணக்கு. பக்கத்து வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து தாள் செய்த காகித ஆலை ஒன்று உண்டு. அந்த மண்ணில் இன்று மாதிரி வினாத்தாள் கட்டுக் கட்டாகப் புரள்கிறது, ஆனால் திணைக்களத்தின் அறிக்கையைப் பிள்ளைகள் கையில் காண்பது அபூர்வம்.

கடைசி மாதம்தான் எனக்குப் பெரிய பயம். பரீட்சை அண்மை வருடங்களில் மாரிக்குள் வந்தது. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் வெள்ளம் காரணமாக இடைநடுவில் நிறுத்தி வைத்தார்கள். பரீட்சைக்கு முந்திய வாரங்களில்தான் கருத்தரங்குச் சுவரொட்டிகள் மதிலெல்லாம் ஏறுகின்றன. எதிர்பார்க்கை வினா என்ற பெயரில் புதுக் கொப்பி ஒன்று பிள்ளையின் கைக்கு வருகிறது. போன வருடம் பிழைத்த வினாக்கள் மேசை லாச்சிக்குள்ளேயே கிடக்கின்றன. பஸ்ஸில் அலைந்து வந்து இஷாவுக்குப் பிறகு கொப்பியை விரிக்கும் பிள்ளைக்கு எத்தனை வினா நிற்கும்? அடுத்த நாள் இன்னொரு பாடத்துக்கு இன்னொரு மண்டபம். பெண்பிள்ளை என்றால் வாப்பாவோ காக்காவோ மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்க் காத்திருக்க வேண்டும். அந்த வீட்டின் உழைப்பும் அன்றைக்கு நின்றுவிடும்.

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து வகுப்பும் கருத்தரங்கும் நடத்தத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் தடை போடுகிறது. பிள்ளை வீட்டில் இருக்கும், போக இடமில்லை. பல வீடுகளில் பிழைத்த வினாக்களை லாச்சியிலிருந்து எடுப்பது அப்போதுதான். பௌதிகவியலில் ஓர் அலகைச் சரிசெய்ய அந்த நாட்கள் போதும். மூன்று பாடத்துக்குப் போதாது.