பூசணித் திருவிழாவுக்கு ஒரு கவச வண்டி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கீன் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 23,000. ஆண்டுதோறும் அக்டோபரில் பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே விளக்கேற்றி, ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்துக் கொண்டாடுவது அந்த ஊரின் பெருமையாக இருந்தது. அந்த ஊர்க் காவல்துறை ‘பேர்கேட்’ என்ற கவச வண்டி வாங்குவதற்கு மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் மானியம் கேட்டது. பயங்கரவாதிகள் குறிவைக்கக்கூடும் என்று விண்ணப்பத்தில் சொல்லப்பட்டவற்றில் பூசணித் திருவிழாவும் ஒன்று. 2,85,933 டாலர் கிடைத்தது. 2012இல் ஊர்க்காரர்கள் சிலர் நகர்மன்றத்தில் எழுந்து எதிர்த்துப் பேசினார்கள். மன்றம் கேட்டுக்கொண்டது. வண்டியும் வந்தது.

கீன் ஊரைச் சொல்லிச் சிரிக்காத பத்திரிகை இல்லை. ஆனால் அந்த மக்களுக்கு ஒன்று வாய்த்தது: வண்டி வருவதற்கு முன்பே விஷயம் தெரிந்தது, பேச ஒரு மேடையும் இருந்தது. பல ஊர்களில் அதுகூட நடக்கவில்லை. ராணுவத்தில் மிஞ்சிய தளவாடங்கள் சத்தமில்லாமல் ஊர்க் காவல்நிலையத்துக்கு வந்துசேர்ந்தன.

அவை வருகிற பெரிய வழிக்கு ‘டென் தர்ட்டி-த்ரீ’ என்று பெயர். 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 1033ஆம் பிரிவு அது. போதைப்பொருளை ஒடுக்க 1990ஐ ஒட்டித் தொடங்கிய ஓர் ஏற்பாட்டை அந்தப் பிரிவு விரிவாக்கியது. நிர்வகிப்பது பாதுகாப்புத் துறையின் தளவாட முகமை. அலுவலகம் மிச்சிகனில் உள்ள பேட்டில் கிரீக்கில். காவல்துறை அதிகாரி இணையத்தில் பட்டியலைப் பார்த்து, வேண்டியதைக் குறித்து, ஏன் வேண்டும் என்று எழுதி அனுப்புகிறார். ஆளுநர் நியமித்த மாநில ஒருங்கிணைப்பாளர் சரி என்றால் கோப்பு மேலே போகிறது. பொருளுக்கு விலை கிடையாது. ஏற்றிவரும் கூலியும் பராமரிப்புச் செலவும் மட்டும் ஊருடையது.

இதுவரை இப்படிக் கைமாறியவற்றின் மதிப்பு, முதலில் வாங்கிய விலைப்படி, 700 கோடி டாலருக்கும் மேல். எண்ணிக்கையில் பார்த்தால் பெரும்பகுதி பூட்ஸ், படுக்கைப் பை, மேசை, ஜெனரேட்டர், முதலுதவிப் பெட்டி போன்றவைதான். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வம்பு ராணுவத் துப்பாக்கிகளிலும் ‘எம்ராப்’ வண்டிகளிலும்தான். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுகளிலிருந்து வீரர்களைக் காக்கச் செய்த வண்டி எம்ராப். பதினான்கு, பதினெட்டு டன் எடை, ஏழு லட்சம் டாலரை ஒட்டிய விலை. போர் ஓய்ந்ததும் அவற்றை வைத்துக்கொள்ளவும் இடமில்லை, அழிக்கவும் மனமில்லை. விஸ்கான்சினில் ஏரிக்கரையோர நீனா போன்ற 25,000 பேர் வாழும் அமைதியான ஊர்களுக்கு எம்ராப் வந்த கதை இதுதான்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். முதலாவது, இது தானமே அல்ல. துப்பாக்கி, கவச வண்டி போன்ற கட்டுப்பாட்டுப் பொருள்கள் எத்தனை ஆண்டு ஊரில் கிடந்தாலும் பாதுகாப்புத் துறையின் சொத்துதான், ஊருக்கு இரவல். தொலைந்தால் பதில் சொல்ல வேண்டும். துப்பாக்கிகளைத் தொலைத்ததற்காகத் திட்டத்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட காவல்துறைகள் பல. அரிசோனாவின் மாரிகோப்பா ஷெரிஃப் அலுவலகம் 2014இல் திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. இரண்டாவது, பெற்ற பொருளை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த விதியைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கவலையோடு பார்க்கிறேன். சும்மா நிற்கிற வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால், அதை வெளியே எடுக்க ஏதாவது ஒரு காரணம் தேடத்தானே தோன்றும்?

மூன்றாவது, தீனி. டயர், எரிபொருள், உதிரிபாகம், ஓட்டுநர் பயிற்சி எல்லாம் ஊர் வரிப்பணத்தில். வேண்டாம் என்றாலும் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட முடியாது. திருப்பி அனுப்பவோ, ஏற்றுக்கொள்ளும் வேறு காவல்துறையைத் தேடிப் பிடிக்கவோ வேண்டும்.

கவச வண்டியால் நன்மையே இல்லை என்று வாதிடமாட்டேன். வெள்ளத்தில் மூழ்கிய தெருவுக்குள் சாதாரணக் காவல் வண்டி போகாத இடத்துக்கு இந்த உயரமான வண்டி போகும். துப்பாக்கிச் சூடு நடக்கும் இடத்திலிருந்து காயம்பட்டவரை இழுத்துவரவும் உதவும். ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2017இல் வெளிவந்த சில ஆய்வுகள் இந்தத் தளவாடங்களால் குற்றம் குறைந்ததாகச் சொல்லின. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, தளவாடம் அதிகம் பெற்ற இடங்களில் காவலர் கையால் இறப்போர் கூடுவதாகச் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் தரவுகளைத் திரும்பச் சரிபார்த்தவர்கள், குற்றம் குறைந்ததற்குச் சான்று நிற்கவில்லை என்றார்கள். வெள்ள மீட்புக்கு என்று கேட்டு வாங்கிய வண்டி நள்ளிரவில் ஒரு வீட்டுச் சோதனைக்குப் போகிறதா என்பதை உள்ளூரில் யாராவது கேட்டால்தான் தெரியும்.

அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கொலராடோவின் கிரீன்வுட் வில்லேஜ் கதை போதும். 2015 ஜூனில் வால்மார்ட்டில் திருடிவிட்டு ஓடிய ஒருவன், கையில் துப்பாக்கியோடு, தனக்குத் தொடர்பே இல்லாத ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். 19 மணிநேர முற்றுகை. வெடிமருந்து, கண்ணீர்ப்புகை, பேர்கேட் வண்டி எல்லாம் சேர்ந்து சுவர்களைத் துளைத்தன. ஆள் பிடிபட்டான், வீடு இடிக்கவேண்டிய நிலைக்கு வந்தது. தற்காலிகமாக வேறிடத்தில் தங்க நகரம் 5,000 டாலர் தர முன்வந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பொதுத் தேவைக்குச் சொத்தை எடுத்தால் ஈடு தர வேண்டும் என்கிற அரசியல் சட்டப் பிரிவு காவல் நடவடிக்கைக்குப் பொருந்தாது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2020இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்து, அரசு நடவடிக்கையால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வழியில்லை. 2014 ஆகஸ்டில் மிசூரியின் ஃபெர்குசனில் ஓர் இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட பின், போராடிய மக்களுக்கு எதிரே கவச வண்டியின் மேல் துப்பாக்கியோடு காவலர் நின்ற படத்தை உலகமே பார்த்தது. 2015இல் ஒபாமா சில ஆயுதங்களுக்குத் தடை போட்டார். 2017இல் டிரம்ப் அந்தத் தடையை எடுத்தார். 2022இல் பைடன் மறுபடி கட்டுப்படுத்தினார். 2025இல் டிரம்ப் அதையும் நீக்கினார். அதிபர் கையெழுத்தால் வருவது அடுத்த அதிபர் கையெழுத்தால் போகும். நாடாளுமன்றம் சட்டமாக்கியதுதான் ஓரளவு நிற்கிறது: துப்பாக்கிமுனைக் கத்தி, கையெறி குண்டு, ஆயுதம் பூட்டிய ட்ரோன், ஆயுதம் பூட்டிய சங்கிலிச் சக்கரப் போர் வண்டி ஆகியவற்றை 2021 முதல் கொடுக்கக் கூடாது. அதிர்ச்சிக் குண்டும் ஒளிக்குண்டும் இந்தத் தடைக்குள் வராது.

மேற்பார்வை எந்த லட்சணத்தில் இருந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அரசுக் கணக்குத் தணிக்கை முகமை 2017இல் இல்லாத ஒரு காவல் அமைப்பை உருவாக்கி, பொய் இணையதளம் ஒன்றையும் வைத்து விண்ணப்பித்தது. இரவுநோக்குக் கண்ணாடி உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள், 12 லட்சம் டாலர் மதிப்புள்ளவை, கைக்கு வந்தன. முகவரியில் இருந்தது வெறும் காலிமனை.

ஊர்வாசி கையில் என்ன இருக்கிறது? முதலில் பட்டியல். எந்த மாநிலத்தில் எந்தக் காவல்துறை என்ன பெற்றது, எத்தனை, எப்போது என்பதைத் தளவாட முகமை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் இணையதளத்தில் விரிதாளாக வெளியிடுகிறது. உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் வண்டியே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. கீன் வண்டி மானியத்தில் வந்தது. அது இந்தப் பட்டியலில் வராது. மானியத்தில் வந்தது, சொந்தக் காசில் வாங்கியது ஆகியவற்றுக்கு மாநிலத்தின் பொதுப்பதிவுச் சட்டப்படி எழுதிக் கேட்க வேண்டும். கேட்கும்போது மூன்று தாள்களைக் குறிப்பாகக் கேளுங்கள்: தளவாடம் கோரி எழுதிய காரணம், ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்ததற்கான பதிவு, பராமரிப்புச் செலவுக் கணக்கு.

நான்காவதாக ஒரு தாள் உண்டு. அதைப் பலரும் கேட்பதில்லை. கட்டுப்பாட்டுப் பொருள் பெறும் காவல்துறை, அதை எப்படிப் பயன்படுத்துவது, யார் மேற்பார்வையிடுவது என்பதற்குப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய விதிமுறை வைத்திருப்பதாக, உள்ளூர் ஆட்சிமன்றத்தின் ஒப்புதலோடு, ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். கூட்டரசுச் சட்டத்தொகுப்பின் பத்தாம் தலைப்பு, 2576ஏ பிரிவு அது. இந்த ஆண்டின் சான்று எங்கே, அந்த விதிமுறை எங்கே என்று கேட்டால், பல அலுவலகங்களில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்கும். பதில் வரவில்லை என்றால் மாநில ஒருங்கிணைப்பாளருக்கு எழுதலாம்.

சில மாநிலங்களில் பிடி இன்னும் இறுக்கம். நியூ ஜெர்சியில் 2015 முதல் நகர்மன்றத் தீர்மானம் இல்லாமல் காவல்துறை இந்தத் திட்டத்தில் தளவாடம் பெற முடியாது. கலிஃபோர்னியாவில் 2022இல் நடைமுறைக்கு வந்த ஏபி 481 சட்டப்படி, பயன்பாட்டுக் கொள்கையைப் பொதுவிசாரணைக்கு 30 நாள் முன்பே வெளியிட வேண்டும். ஆண்டறிக்கை தர வேண்டும். அதன்பின் மக்கள் கூட்டம் நடத்த வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, 2014இல், அதே மாநிலத்தின் டேவிஸ் நகர்மன்றம் வந்திறங்கிய 6,89,000 டாலர் எம்ராப்பை 60 நாளில் அப்புறப்படுத்தச் சொன்னது.

வீட்டு வாசலில் காவல்துறையின் சிறப்பு ஆயுதப் பிரிவான ஸ்வாட் குழு நின்றால் அது பேச்சுக்கான நேரம் அல்ல. கையைத் தெரியும்படி வைத்து, வாரண்டைக் காட்டச் சொல்லி, ‘சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை’ என்று நிதானமாகச் சொன்னால் போதும். தடுக்கக் கூடாது. பேசாதிருக்கும் உரிமை, வழக்கறிஞர் கேட்கும் உரிமை இரண்டும் விசாவில் இருப்பவருக்கும் உண்டு. கதவைத் தட்டி அறிவித்த பின்பே நுழைய வேண்டும் என்பது பொதுவிதி. மீறினாலும் கிடைத்த சான்று செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டதால், நிவாரணம் தேட மிஞ்சுவது இழப்பீட்டு வழக்குதான். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த, கூட்டரசுச் சட்டத்தொகுப்பின் 1983ஆம் பிரிவு அதற்கு வழி. இழப்பீட்டு வழக்கிலிருந்து காவலரைப் பல நேரம் காக்கும் ‘தகுதிசார் விலக்கு’ அந்த வழியில் கிடக்கும் பாறை. மாநிலச் சட்டப்படி உரிமை கோரினால் கெடு மிகக் குறுகியது: நியூ ஜெர்சியில் 90 நாளுக்குள் முன்னறிவிப்பு தர வேண்டும், கலிஃபோர்னியாவில் உடற்காயத்துக்கு 6 மாதம். அதிர்ச்சி தெளிந்து யோசிப்பதற்குள் நாள் போய்விடும். உடைந்த கதவைச் சரிசெய்யும் முன் படம் எடுத்துவிட்டு, அந்த வாரமே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு தூரம் போகாமல் தடுக்க ஓர் இடம் உண்டென்றால் அது நகர்மன்றக் கூட்டம். நிகழ்ச்சி நிரல் சில நாள் முன்பே வெளியாகும். ‘கன்சென்ட் அஜெண்டா’ என்ற தலைப்பை முதலில் பாருங்கள். விவாதம் வேண்டாதவை என்று கருதுபவற்றை ஒரு கட்டாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றும் பகுதி அது. சாலைப் பழுதுக்கும் நூலக விடுமுறைக்கும் நடுவே ‘உபரித் தளவாடம் ஏற்பு’ என்று ஒரு வரி கிடக்கலாம். கூட்டம் தொடங்கும் முன்பே ஓர் உறுப்பினரைப் பிடித்து, அந்த வரியின் எண்ணைச் சொல்லி, அதைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் பேசுவதற்குத் தருவது மூன்று நிமிடம். குடியுரிமைச் சீட்டை யாரும் கேட்கமாட்டார்கள்.