ஆறாயிரம் வேறு, நஷ்டஈடு வேறு

2023 டிசம்பர் 17 முதல் வடசென்னை ரேஷன் கடைகளின் முன்னால் டோக்கனும் கையுமாகக் கூட்டம் நின்றது. மிக்ஜாம் புயல் மழையில் வாழ்வாதாரம் பாதித்த குடும்பங்களுக்குத் தமிழக அரசு அறிவித்த 6,000 ரூபாய். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீட்டுக்குள் வந்தது வெள்ளம். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது.

மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம்வரை படர்ந்தது. படகும் வலையும் கருத்தன. அதே படகுகளில் ஏறி, மக்கையும் வாளியையும் கொண்டு எண்ணெயை வாரியவர்களும் மீனவர்கள்தான். இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த குப்பங்களில் தொழில் நின்றது.

இதற்கு அரசு தனியாக 8.68 கோடி ரூபாய் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, படகைச் சீர்செய்ய 787 பேருக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'அதான் பணம் வந்துடுச்சே, இன்னும் என்ன கேக்குறாங்க?' என்பது வெளியே இருப்பவர்களின் எண்ணம். 'பணத்தை வாங்கிட்டா அப்புறம் கேஸ் போட முடியாது' என்பது வாங்குகிறவர்களின் பயம். இரண்டுமே தவறு. இரண்டாலும் நஷ்டப்படுவது மீனவர்தான்.

பேரிடர் நிதியிலிருந்து தருவது நிவாரணம். பட்ட இழப்புக்கு ஈடு அல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் பலமுறை சொல்லியிருக்கிறது. தொகைகளைப் பார்த்தாலே அது விளங்கும். முற்றிலும் சேதமான படகுக்கு மத்திய அரசின் விதிமுறை அப்போது தந்தது 15,000 ரூபாய். மிக்ஜாமுக்குப் பிறகு வல்லம் வகைப் படகுகளுக்குத் தமிழக அரசு தான் தந்துவந்த 75,000-ஐ 1,00,000 ஆக உயர்த்தியது. எஞ்சினோடு ஒரு ஃபைபர் படகு இறக்க இது எந்த மூலைக்கு?

மேல்மட்டத்திலும் இதே மயக்கம் உண்டு. அந்த டிசம்பரில் மத்திய அரசு விடுவித்த 450 கோடியைப் பலரும் புயலுக்காகக் கிடைத்த புதுப் பணமாக எண்ணினார்கள். மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசு ஆண்டுதோறும் போட வேண்டிய 75 சதவீதப் பங்கின் இரண்டாம் தவணை அது.

எண்ணெயின் கணக்கு இந்தப் பேரிடர் நிதிக் கணக்கில் சேரவே சேராது. மழை இயற்கையின் செயல். எண்ணெய் ஓர் ஆலையின் பொறுப்பு. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் எழுதப்பட்ட கொள்கை. எண்ணூர்க் கசிவை அந்தத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அரசு வறுமையில் கைகொடுத்ததைக் காட்டி ஆலையின் கடனைக் கழிப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவில், பாதிக்கப்பட்டவர் தாமே இழப்பீடு கேட்டு மனுச் செய்ய இடமிருக்கிறது. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டு கெடு; எண்ணூருக்கு அது 2028 டிசம்பரில் முடிகிறது. எண்ணெய் அப்பிய வலையை எறிந்துவிட்டவர்கள், அன்று செல்போனில் பிடித்த படத்தையாவது அதுவரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.