கொல்லிமலை ஏறும்போது கேஜ் முள்ளை எவ்வளவு நம்பலாம்?

டர்போ காருக்குப் பூஸ்ட் கேஜும் ஆயில் பிரஷர் கேஜும் தனியாக வாங்கிப் பொருத்தியிருக்கிறீர்களா? அவை சரியாகக் காட்டுகின்றனவா என்ற சந்தேகம் மலைப்பாதையில்தான் வரும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறும், உயரமும் ஏறக்குறைய 1000 மீட்டர் கூடும். கீழே தெரியாத குறைகள் இந்தப் பாதையில் வெளிப்பட்டுவிடும்.

மேலே போனதும் பூஸ்ட் அதிகமாகக் காட்டுகிறதே, கேஜ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பூஸ்ட் கேஜ் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே சொல்கிறது. நாமக்கல் சமவெளியில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 99 கிலோபாஸ்கல். 1200 மீட்டர் உயரத்தில் அது சுமார் 88 ஆகிவிடும். பி.எஸ்.ஐ. கணக்கில் ஒன்றரைக்குச் சற்று மேல் குறைகிறது. இன்றைய கார்களின் கம்ப்யூட்டர் உள்ளே போகும் மொத்த அழுத்தத்தை முடிந்தவரை மாறாமல் வைத்திருக்கப் பார்க்கும். அதற்காக டர்போ கூடுதலாக உழைக்கும், முள்ளும் கொஞ்சம் ஏறும்.

முள் அதே இடத்தில் நிற்கிறது, வண்டிதான் இழுக்கவில்லை என்றால்?

ஸ்பிரிங் மட்டுமே பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பாக இருக்கலாம். அதில் வெளிக்காற்றுக்கு மேலான அளவு மாறாது. ஆனால் மொத்தக் காற்று குறைந்துவிடும். முள் சொல்வது சரி, வண்டி மந்தமானதும் உண்மை.

கேஜைச் சோதிப்பது எப்படி?

காரவள்ளியில் ஒரு முறை, மலைமேல் உள்ள செம்மேட்டில் ஒரு முறை இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். பூஸ்ட் முள் இரண்டு இடத்திலும் சுழியில் நிற்க வேண்டும். மேலே மட்டும் சுழிக்குக் கீழே போனால், டயலின் கூடு மூடப்பட்டு உள்ளே சமவெளிக் காற்று சிக்கியிருக்கலாம். எலக்ட்ரிக் கேஜ் என்றால், அது வெளிக்காற்றை அளந்து தன் சுழியைத் திருத்திக்கொள்ளாத வகையாக இருக்கலாம்.

ஓ.பி.டி. ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சிறு கருவி) இருந்தால் இன்னும் நல்லது. அதில் வரும் இன்டேக் அழுத்தம் வெளிக்காற்றையும் சேர்த்த மொத்தக் கணக்கு. இன்ஜின் அணைந்திருக்கும்போது கீழே 99, மேலே 90 அளவில் காட்டினால் காரின் சொந்த சென்சார் சரி. ஓடும்போது அது 180 காட்டி, வெளிக்காற்று 90 என்றால், பூஸ்ட் 90 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 13 பி.எஸ்.ஐ. உங்கள் கேஜும் அதற்கு அருகில் இருக்க வேண்டும்.

ஆயில் கேஜில் எவ்வளவு பிழை சகஜம்?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முள் வைத்த கேஜ்களின் பிழையைப் பெரும்பாலும் டயலின் முழு அளவில் இத்தனை சதவீதம் என்று குறிப்பார்கள். 150 பி.எஸ்.ஐ. டயலில் 3 சதவீதம் என்றால் நாலரை பி.எஸ்.ஐ. முள் 60-இல் நிற்கும்போது அது பெரிய விஷயமில்லை. ஆனால் எழுபது வளைவும் ஏறி, ஆயில் இளகி, காட்சிமுனையில் ஐடிலிங்கில் நிற்கும்போது முள் 15 காட்டுகிறது என்று வையுங்கள். உண்மை பத்தரையாகவும் இருக்கலாம், பத்தொன்பதரையாகவும் இருக்கலாம். ஆபத்து நெருங்கும் இடத்தில்தான் கேஜ் மிகவும் மங்கலாகப் பேசுகிறது. ஆகவே தேவைக்கு மேல் பெரிய டயல் வாங்காதீர்கள்.

வளைவில் முள் சட்டென்று விழுந்தால்?

ஒரே பக்கம் திரும்பும்போது மட்டும் விழுந்தால் அதைக் கேஜின் தவறு என்று ஒதுக்காதீர்கள். ஆயில் குறைந்து, வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கிறது என்று அர்த்தமாகலாம். ஓரமாகச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

வளைவில் அல்லாமல், ஹெட்லைட், ஃபேன், ஹாரன் போடும்போது முள் ஆடினால் குறை வயரிங்கில். பல சென்சார்களுக்கு இன்ஜின் உலோகமே எர்த். கசிவைத் தடுக்க மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் பலவீனமாகி, அளவு தவறும். கேஜ் ஒரு கம்பெனி, சென்சார் வேறு கம்பெனி என்று கலந்து போட்டாலும் இதே கதிதான். ஒவ்வொரு டயலும் தனக்கென ஒரு மின்தடைக் கணக்கில் வேலை செய்கிறது.

கம்பெனி கொடுத்த ஆயில் விளக்கை எடுத்துவிடலாமா?

கூடாது. புது சென்சார் வைக்க இடமில்லை என்று சில மெக்கானிக்குகள் அந்த விளக்கை எரியவைக்கும் பழைய ஆயில் சுவிட்சைக் கழற்றிவிடுவார்கள். டி-ஜாயின்ட் போட்டு இரண்டையும் வைக்கச் சொல்லுங்கள். வளைவில் உங்கள் கண் பாதையில் இருக்கும், முள்ளில் இருக்காது. சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் கட்டாயம் கண்ணில் படும். எரிந்தால், அடுத்த வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல், பாதுகாப்பாக ஒதுங்கி உடனே இன்ஜினை அணையுங்கள்.